அப்பாரு எழுதிவைத்த மரச் சாமான் பட்டியலைப் படிப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இது. சென்னிமலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். அப்பாரு (தாத்தா) காலத்துப் பாகப்பிரிவினைத் தாள் ஒன்று பெட்டியில் கிடைத்திருக்கிறது. அதில் உத்திரம் 2, மோட்டுவளை 1, கைமரம் 18, பனங்கை 40, நிலவு 3, குடம் 2, வட்டை 12, ஆரம் 24, இருசு 1, பறி 1, தும்பி 1, வடம் 1, உருளை 2, படமரம் 1, அச்சு 1, நாடா 2, பீப்பாய் 1, மொடா 3, வள்ளம் 1, வாச்சி, தமர், உளி 5, கொட்டாப்புளி என்று வரிசையாக எழுதியிருக்கிறது. பாதிச் சொல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சாமான் எல்லாம் அட்டாலியிலும் (பரண்) மாடு கட்டுகிற கட்டுத்தரையிலும் கிடக்கிறது. வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லியிருக்கிறார். இவையெல்லாம் என்ன, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பழைய வீட்டு மரம் பிரித்து விற்கிற குடும்பத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். அந்தத் தாளில் இருப்பவை தனித்தனிச் சாமான்கள் அல்ல. ஒரு வீட்டுக் கூரை, ஒரு ஜோடி வண்டிச் சக்கரம், மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கிற ஒரு கவலை ஏற்றம், குழியில் கால் வைத்து நெய்கிற ஒரு குழித்தறியின் பாகம், ஒரு தச்சு வேலைப் பெட்டி, அப்புறம் சில பாண்டங்கள். கூட்டம் கூட்டமாகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் தானாகப் புரியும். தனித்தனியாகப் பிடுங்கி அகராதியில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழில்களில் ஒரே சொல் பல இடத்தில் வேலை செய்யும். ‘குடம்’ என்றால் தண்ணீர்க் குடம் என்றுதான் இன்று தோன்றும். உங்கள் தாளில் அதற்கு அடுத்து வட்டையும் ஆரமும் வருவதால் அது சக்கரத்தின் நடுக்கட்டை. ‘அச்சு’ வண்டியிலும் உண்டு, தறியிலும் உண்டு, கரும்பாலையில் வெல்லம் வார்க்கிற பலகைக்கும் அதே பேர். உங்களுடையது படமரத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் வருகிறது, ஆகவே தறி அச்சு. ‘ஏர்க்கால்’ கலப்பைக்கும் உண்டு, வண்டிக்கும் உண்டு. ‘சால்’ என்பது ஓரிடத்தில் தண்ணீர்ப் பாத்திரம், இன்னோரிடத்தில் உழவு கிழித்த கோடு. எழுதியவர் சாமான் இருந்த மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணி எழுதியிருக்கிறார். வரிசையைக் கலைக்காமல் படியுங்கள்.

சரி, வீட்டிலிருந்து தொடங்கலாம்.

கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஓடுகிற ஒற்றை மரம் மோட்டுவளை. மோடு என்றால் முகடு. அதன் இரு பக்கமும் சரிவாக இறங்கிச் சுவர்மேல் உட்கார்கிறவை கைமரங்கள், சுருக்கமாகக் கை. உங்கள் வீட்டில் 18 என்றால் பக்கத்துக்கு ஒன்பது இருந்திருக்க வேண்டும். உத்திரம் என்பது சுவருக்குச் சுவர், அல்லது தூணுக்குத் தூண் போட்டு மேல்பாரம் முழுவதையும் வாங்குகிற பெரிய மரம். விட்டம் என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். சில ஊரில் உத்திரத்தையே விட்டம் என்பார்கள், சில ஊரில் உத்திரத்துக்குக் குறுக்கே போடுவதை மட்டும் அப்படிச் சொல்வார்கள். உங்கள் தாளில் விட்டம் தனியாக வரவில்லை, அதனால் சிக்கல் இல்லை. நிலவு என்பது கதவு நிற்கிற சட்டம். மதுரைப் பக்கம் வாசக்கால் என்பதை நம் பக்கம் நிலவு, நிலவுக்கால் என்கிறோம். புது வீட்டுக்கு நிலவு வைக்கிற நாளை இன்றும் விசேஷமாகச் செய்கிறார்கள், ஒறம்பறை (உறவுக்காரர்கள்) எல்லாம் வந்து நிற்கும்.

தாளில் ‘ரீப்பர்’ என்ற சொல்லே இல்லை, பனங்கை 40 இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ரீப்பர் என்பது கைமரத்துக்குக் குறுக்கே, ஓட்டின் நீளத்துக்குத் தக்க இடைவெளி விட்டு அடிக்கிற மெல்லிய சட்டம். மங்களூர் ஓடு கொக்கி போல் அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் அந்த ஓட்டுத் தொழிற்சாலையை 1865இல் தொடங்கினார்கள். நம் ஊர்களுக்கு அந்த ஓடு பரவியபோது ரீப்பரும் சேர்ந்து வந்தது. அதற்கு முன் குயவர் செய்த வளைந்த நாட்டு ஓட்டை நெருக்கமாகப் பரப்பிய பனஞ்சட்டம், மூங்கில் மேல் அடுக்கினார்கள். ஆகவே தாள் எழுதியபோது உங்கள் வீடு நாட்டு ஓட்டு வீடாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இப்போது மேலே மங்களூர் ஓடு இருந்தால் இடையில் ஒரு தடவை கூரை மாற்றியிருக்கிறார்கள். அப்போது கழற்றிய பனங்கைதான் கட்டுத்தரையில் கிடப்பதாக இருக்கும்.

பனங்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரிகள் முதலில் ‘அது விறகுதானே’ என்று தள்ளுவது அதைத்தான். மற்ற மரங்களுக்கு வைரம் என்கிற கெட்டிப் பகுதி உள்ளே இருக்கிறது, வெளியே வெள்ளை என்கிற இளம் பகுதி. பனைக்குத் தலைகீழ். வெளிப்புறம் கருத்து இறுகியிருக்கும், நடுவில் சோறு என்கிற மென்மையான பகுதி. தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்தே வகை பிரித்துவிட்டது: ‘புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப.’ காழ் என்பது வைரம். அந்தக் கணக்கில் பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல். இன்றைய தாவரவியலும் இவற்றை மற்ற மரங்களோடு சேர்க்காமல் ஒருவித்திலைத் தாவரங்களாகவே வைக்கிறது. பனங்கை எடுப்பவர் முதிர்ந்த கரும்பனையை நீளவாக்கில் பிளந்து, நடுச்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளி வைரத்தை மட்டும் எடுப்பார். ஒழுகாத கூரைக்குக் கீழே அது தலைமுறை கடந்து நிற்கும். கருத்து, நாரெல்லாம் நெருங்கி, கையில் கனமாக இருக்கிற பனங்கையைத் தனியே எடுத்துவையுங்கள். வெளுத்து, நுனியில் நார் பிரிந்து உதிர்கிறதை விறகுக்கு விடலாம்.

மற்ற மரத்தில் பார்க்க வேண்டியது வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதுதான். செல்லு (கறையான்) முதலில் பிடிப்பது வெள்ளையைத்தான். மரம் வளரும்போது மாவுச்சத்து தேங்கி நிற்கிற பகுதி அது. வைரத்தில் அது இல்லை, பூச்சிக்கு ஆகாத எண்ணெயும் கசப்பும் அங்கே சேர்ந்திருக்கும். அதனால் உத்திரத்தின் ஓரம் செல்லரித்திருந்தாலே ‘போச்சு’ என்று முடிவுகட்டாதீர்கள். வாச்சியால் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். உள்ளே நிறம் மாறி உறுதியாக வந்தால் மரம் அப்படியே இருக்கிறது. அட்டாலி உயரத்தில் இருக்கிற நடுப்பகுதியைவிடச் சுவருக்குள் புதைந்த இரு முனைகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். சுவர் ஈரம் குடித்து இத்துப்போகிற இடம் அது.

என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாளில் அதை எழுதவில்லை. எழுதத் தேவையே இருந்திருக்காது, ஏனென்றால் எந்த வேலைக்கு எந்த மரம் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ‘ஒதி பெருத்தாலும் உத்திரம் ஆகாது’ என்ற பழமொழி அப்படி வந்ததுதான். ஒதிய மரம் சீக்கிரம் பருக்கும், ஆனால் மென்மை, பாரம் தாங்காது. நம் பக்கத்து உத்திரம் வசதியான வீட்டில் தேக்காகவோ வேங்கையாகவோ இருக்கும். நடுத்தர வீட்டில் வேம்பு, வாகை, இலுப்பை என்று தோட்டத்தில் கிடைத்ததாக இருக்கும். தேக்கைச் சீவினால் எண்ணெய்ப் பசையும் ஒரு தனி வாசனையும் வரும், எத்தனை வருஷமானாலும் அது போகாது. வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் நிறம் மாறும். ஈட்டி கருஞ்சிவப்பில் கோடு கோடாக இருக்கும். வேம்புச் சீவலை நாக்கில் வைத்தால் கசக்கும். ஆச்சாவும் கருங்காலியும் தண்ணீரில் மூழ்குகிற அளவுக்குக் கனம். இவ்வளவு போதும், மீதியை நல்ல ஆசாரி ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

தேக்கு என்றால் நம் பக்கத்தில் ஆனைமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு இந்த மலையிலிருந்து மரம் போனது. வெட்டிய கட்டைகளை மலை விளிம்பிலிருந்து சரியவிட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். வெட்டித் தீர்ந்த காட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி தேக்காக வளர்த்தெடுத்த வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட், அந்தக் காட்டுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உங்கள் உத்திரம் ஆனைமலையிலிருந்து வந்ததா என்பதை மரத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி விலை ஏற்றுகிறவரையோ இறக்குகிறவரையோ நம்ப வேண்டாம்.

அடுத்தது வண்டி. தாளிலேயே எனக்கு மிகப் பிடித்த வரி இதுதான்: குடம் 2, வட்டை 12, ஆரம் 24. கணக்கைப் பாருங்கள். நடுவில் உருண்டையான கட்டை குடம். அதிலிருந்து கிளம்புகிற கால்கள் ஆரம், ஆரக்கால். வெளி வட்டத்தை உண்டாக்குகிற வளைந்த துண்டுகள் வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் செருகுவது வழக்கம். ஆறு வட்டை, 12 ஆரக்கால், ஒரு குடம் சேர்ந்தால் ஒரு சக்கரம். அப்படியானால் அப்பாரு எழுதியிருப்பது சரியாக ஒரு ஜோடி, ஒரு துண்டும் குறையாமல். இருசு என்பது இரண்டு சக்கரத்தையும் கோக்கிற அச்சுத் தண்டு. அதன் முனையில் சக்கரம் கழன்றுவிடாமல் நிற்க அடிப்பது கடையாணி. அது தாளில் இல்லை. சின்னச் சாமான் என்று விட்டிருப்பார், அல்லது எங்காவது சுவரில் ஆணியாக அடித்து வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் இல்லாமல் இருக்கிறது: இரும்புப் பட்டை. மரச் சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது ஆணியோ பசையோ அல்ல, அந்தப் பட்டைதான். கொல்லர் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகச் செய்வார். தரையில் படுக்கவைத்துச் சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டினால் இரும்பு விரியும். சிவந்ததும் நாலைந்து பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறும்போது பட்டை சுருங்கி, வட்டையை ஆரத்தோடும் ஆரத்தைக் குடத்தோடும் சேர்த்து நெருக்கிவிடும். மூட்டெல்லாம் ‘கிரீச்’ என்று கத்துவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் சக்கரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்றால், பட்டையைக் கழற்றி இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். டயர் வண்டி வந்தபோது பல வீட்டில் நடந்தது அதுதான்.

நம் பக்கத்து வண்டிக்கும் கலப்பைக்கும் பெரும்பாலும் வேலமரம். கருவேல் இடிக்கும் அதிர்வுக்கும் ஈடு கொடுக்கும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே கிளுவை வேலிக்குள் நிற்கிற வெள்வேலும் இந்த வேலைகளுக்குப் போகும். காங்கேயம் மாடு மேய்கிற அதே காட்டில்தான் அந்த மாடு இழுக்கிற வண்டிக்கும் மரம் நின்றது. குடத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். வெடிப்பில்லாமல் இருந்தால் ஜோடியை யாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டாம். புதிதாகக் குடம் கடைந்து 12 துளையும் சரியான சாய்வில் போடத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு.

பறி, தும்பி, வடம், உருளை நாலும் சேர்ந்தது கவலை ஏற்றம். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்குகிற பாதை வாரி. அதில் மாடு இறங்கி நடக்கும்போது வடம் என்கிற தடித்த கயிறு மேல் உருளைமேல் ஓடிப் பறியைத் தூக்கும். பறி என்பது தண்ணீர் மொள்ளுகிற பெரிய பாத்திரம், தோலில் செய்வார்கள், பிற்பாடு இரும்புத் தகட்டில் வந்தது. அதன் அடியில் தோலால் ஆன நீண்ட வாய் தும்பி. பறி கிணற்றுக்குள் இருக்கும்வரை தும்பியைத் தனிக் கயிறு மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் தும்பி கீழ் உருளை வழியாக வெளியே நீண்டு, தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டிவிடும். ஆள் கை வைக்கவே தேவையில்லை. அப்புறம் மாடு பின்னோக்கி நடந்தே மேடேறும். உருளை 2 என்று எழுதியிருப்பது இந்த இரண்டும்தான், ஒன்று பெரிது, ஒன்று நீண்டு சிறுத்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. அதன் பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறியது, ஏற்றச் சாமான் அட்டாலிக்கு ஏறியது. தோல் தும்பி இன்னும் மட்காமல் இருந்தால் விளக்கெண்ணெய் தடவி நிழலில் வையுங்கள். விற்பதானால் நாலையும் சேர்த்தே விற்க வேண்டும்.

தறிச் சாமானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படமரம் நெய்த துணியைச் சுருட்டுகிற மரம். அச்சு, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல்களைச் சீராகப் பிரித்து நிறுத்தி, குறுக்கு நூலான ஊடையை அடித்து நெருக்குகிற சீப்பு. நாடா ஊடை நூலைக் கொண்டு ஓடுகிறது. பாவு நூலை ஏற்றி இறக்குகிற விழுதும் மிதிகட்டையும் தாளில் இல்லாததால் இது முழுத் தறி அல்ல. உங்கள் ஊரே சென்னிமலைப் பக்கம் என்பதால், பழைய குழித்தறி வைத்திருக்கிற நெசவாளர் யாருக்காவது இந்த மூன்றும் நேராக உதவும். நாடாவில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் நூல் அறுக்கும்.

இனி பீப்பாய். இந்தச் சொல்லும் இந்தச் சாமானும் நம் ஊரில் பிறந்தவை அல்ல. அலமாரி, சாவி, ஜன்னல், மேசை மாதிரி போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல். அவர்கள் நாட்டில் ‘பிப்பா’ என்பது 500 லிட்டருக்கும் மேல் பிடிக்கிற பெரிய மதுப் பீப்பாய். நம்மிடம் வந்தபோது சிறிது பெரிது எல்லாவற்றுக்கும் பொதுப்பேராகிவிட்டது. இன்று திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் ‘பேரல்’ என்பது நீல நிறப் பிளாஸ்டிக் உருளை. கச்சா எண்ணெய்ச் செய்தியில் வருகிற பேரலோ வெறும் கணக்கு அளவு, 42 அமெரிக்க கேலன், சுமார் 159 லிட்டர்.

உங்களிடம் இருப்பது உண்மையான மரப் பீப்பாயா என்று பார்க்க அதன் வயிற்றைப் பாருங்கள். நடுவில் உப்பி இரு முனையும் ஒடுங்கியிருந்தால் பீப்பாய். நேராகவோ ஒருபக்கம் மட்டும் விரிந்தோ இருந்தால் அது பலகைத் தொட்டி. ஒரே கட்டையைக் குடைந்ததென்றால் மரவை அல்லது மாட்டுத் தொட்டி. பீப்பாயில் ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று முனையில் குறுகும்படி சீவப்பட்டிருக்கும். அவற்றை வட்டமாக நிறுத்திச் சூடு காட்டி வளைத்து, முனைகளிலிருந்து இரும்பு வளையங்களை நடுப்பக்கமாக அடித்து இறக்குவார்கள். வளையம் நடுவை நெருங்க நெருங்கப் பலகை இறுகும். உள்ளே முனையை ஒட்டி ஒரு காடி எடுத்து, அதில் வட்டமான மூடிப்பலகையைப் பொருத்துவார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. தண்ணீர் பட்டு மரம் ஊதுவதால்தான் ஒழுகாமல் நிற்கிறது. அதனால் பல வருஷம் காய்ந்த பீப்பாயை உருட்டினால் வளையம் நழுவி எல்லாம் பிரிந்து விழும். நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸால் வரிசை எண் போட்டுவிடுங்கள். வரிசை மாறினால் மறுபடி சேராது, ஏனென்றால் இரண்டு பலகை ஒரே அகலத்தில் இருக்காது.

இதைக் கட்டுவது நம் ஊர் ஆசாரிமார் தொழிலில் சேர்ந்ததல்ல. சீமைச் சரக்கும் சாராயமும் அடைத்து வெளியிலிருந்து வந்தவற்றை வாங்கித் தண்ணீருக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ வைத்துக்கொண்டார்கள். திருச்செங்கோடும் நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் முதலில் அங்கேதான். உங்கள் பீப்பாய் எந்தக் கடையில் இருந்து வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் தாளிலேயே எழுதிவையுங்கள். குடிநீருக்கு மட்டும் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதை மரம் விடாது.

மொடா என்பது வாய் அகன்ற பெரிய மண்பானை. மரச் சாமான் பட்டியலில் மூன்று மண்பானை வருவது தவறல்ல, பீப்பாய் இருந்த அதே மூலையில் அவையும் இருந்திருக்கும். உட்புறம் சுண்ணாம்பு படிந்திருந்தால் தெளுவு (பதநீர்) வைத்த மொடா. பனையில் தெளுவு புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டி என்கிற சிறு பானையில் சுண்ணாம்பு தடவுவார்கள், இறக்கி ஊற்றிய பாத்திரத்திலும் அது ஒட்டும். வள்ளம் தானியம் அளக்கிற படி வகை, எங்கள் பக்கம் நாலு படி ஒரு வள்ளம். 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு இந்த அளவுகள் கணக்கிலிருந்து மெல்லப் போய்விட்டன, களத்துமேட்டில் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் இருந்தன. வள்ளம் ஒன்றுதானே என்று எடைக்குப் போடாதீர்கள். உங்கள் குடும்பத்தின் கூலியும் குத்தகையும் அதில்தான் அளந்திருப்பார்கள்.

கடைசியாகத் தச்சுப் பெட்டி. வாச்சி என்பது எழுத்து வழக்கில் வாய்ச்சி. கோடாலியின் அலகு பிடிக்கு நேராக இருக்கும், வாச்சியின் அலகு பிடிக்குக் குறுக்காக இருக்கும். உருட்டுக் கட்டையைச் சதுரமாக்குவது அதன் வேலை. காலால் மரத்தை மிதித்துக்கொண்டு தன் பக்கமாகக் கொத்திச் சீவுவார்கள். உங்கள் உத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னச் சிப்பியாக வாச்சி பட்ட தழும்பு வரிசையாகத் தெரியும். அது தெரிந்தால் மரம் மில்லில் அறுபட்டதல்ல. தமர் துளை போடுகிற கருவி, கயிறோ வில்லோ சுற்றி இழுத்துச் சுழற்றுவது. உளி ஐந்து என்றால் அகலத்துக்கு ஒன்று, முக்கால் அங்குல உளி, அரை அங்குல உளி என்று அகலத்தை வைத்துத்தான் கேட்பார்கள். கொட்டாப்புளி உளியின் தலையில் தட்டுகிற மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளிப்பிடி பிளக்கும் என்பதால் மரமே மரத்தைத் தட்ட வேண்டும். புளியமரம் எளிதில் பிளக்காது, அதனால் கொட்டாப்புளிக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் அதைத்தான் தேடுவார்கள். இழைப்புளி தாளில் இல்லை, முழக்கோலும் இல்லை. முழக்கோல் என்பது 24 விரல் கொண்ட முழத்தைக் குறித்து வைத்த அளவுகோல். அதையும் இழைப்புளியையும் வேலை செய்தவர் தன்னோடு எடுத்துப் போயிருக்கலாம். பெட்டியில் விரல் விரலாகக் கோடு போட்ட குச்சி ஏதாவது கிடந்தால் விறகு என்று எரித்துவிடாதீர்கள்.

உளியையும் வாச்சியையும் சாணை பிடிப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். ஊர்க் கொல்லர் அடித்த அலகில் வாய்ப்பக்கம் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்திருப்பார், நிறம் மாறுகிற கோடு தெரியும். மின்சாரச் சாணையில் சூடேற்றினால் அந்த எஃகின் பதம் போய்விடும், தண்ணீர்க் கல்லில் மெதுவாகத் தீட்டுங்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணல் அகழாய்வில் சங்க காலத்து இரும்பு உருக்கு உலைகள் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்கிற ஊர் அதுதான் என்பார்கள். இரும்பைப் பதம் பார்க்கிற கை உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அந்த ஐந்து உளியும் இன்னும் வேலைக்காகும், நீங்கள் விற்க வேண்டியதே இல்லை.

விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இரண்டு. சதுர மரத்துக்கு அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 9 அங்குலம் அகலம், 8 அங்குலம் கனம், 14 அடி நீளம் என்றால் 7 கன அடி. உருட்டுக் கட்டைக்குச் சுற்றளவை நாலாக வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடிச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையான கன அளவு அதில் ஏறக்குறைய 12¾ வரும். பட்டை, வெள்ளை, அறுப்பில் போகும் தூள் எல்லாவற்றுக்கும் கழிவாகவே அந்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஏமாற்று அல்ல. ஆனால் ஏற்கனவே சதுரமாகச் சீவிய உங்கள் உத்திரத்துக்கு முதல் கணக்கே போதும், அதற்கு மேல் யாராவது கழிவு கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் கழிக்க வேண்டிய கழிவு அப்பாரு காலத்திலேயே கழிந்துவிட்டது. தேக்கோ ஈட்டியோ இருந்தால் லாரியில் ஏற்றுவதற்கு முன் உங்கள் பகுதி வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் கேளுங்கள். 1968ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன, வழியில் நிறுத்தினால் பழைய வீட்டு மரம் என்பதைக் காட்டக் காகிதம் வேண்டும். பிரிப்பதற்கு முன் கூரையை உள்ளிருந்து போட்டோ எடுத்து, ஒவ்வொரு மரத்தின் முனையிலும் பெயிண்டால் எண் எழுதி, அந்தப் பாகப்பிரிவினைத் தாளின் நகலையும் சேர்த்து வையுங்கள். வாங்குபவர் கேட்டாலும் ஆபீசில் கேட்டாலும் காட்ட அது உதவும்.